நாலு வருடப் பாரை

நதீராவின் தூண்டிலில் அகப்பட்ட பாரை மீன் கரைக்கு வந்து சேர நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் அவள் இடது கையில் பிடித்திருந்த கம்பு ஓர் அகப்பையைவிடப் பாரம் குறைந்தது. கம்பைக் கீழே வைக்காமலே அவள் சோறாக்கினாள், தலை வாரினாள், நோன்பு பிடித்தாள், கல்முனைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தாள். தங்கூசி நூல் அவளுக்குப் பின்னால் தெருவைக் குறுக்கறுத்துக் கடலுக்குப் போனது. ஆட்டோக்காரர்கள் அந்த இடத்தில் தலையைக் குனியப் பழகிக்கொண்டார்கள். அக்கரைப்பற்று பஸ்ஸின் நடத்துநர் மிதிபலகையில் நின்று, “நூல், நூல்!” என்று சத்தம் வைப்பார். மாடுகள் மட்டும் கடைசிவரை பழகவில்லை.

சுனாமிக்குப் பிறகு வந்த மாதங்களில் அந்தக் கடற்கரைக்கு வராத சாமான் இல்லை. வெயில் கொளுத்தும் ஊருக்குக் கம்பளிச் சட்டைகள் வந்தன. அவற்றோடு ஒரு பெட்டி நிறையத் தூண்டில் கம்புகளும் வந்தன. எங்கோ ஒரு குளிர் தேசத்தில் ஆற்றோரம் இருந்து பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கும் நல்ல மனிதர்கள், கல்முனை மீனவர்களின் தொழில் சாமானெல்லாம் கடலோடு போய்விட்டதாம் என்று கேள்விப்பட்டு, தாங்கள் ஆசையாய் வைத்திருந்த கம்புகளையே அனுப்பிவிட்டார்கள். ஊதினால் பறக்கிற கம்பு. கல் வைக்காமல் விட்டால் காற்றில் எழும்பித் தென்னை உயரத்துக்குப் போய் நின்றுவிடும், பிறகு யாராவது ஏறித்தான் இறக்கவேண்டும். கரைவலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுடைய வலை ஒன்றைத் தோளில் ஏற்றவே பத்துப் பேர் வேண்டும். நதீராவின் வாப்பா சரீப், கரைவலை இழுத்து இழுத்தே தோள் அகன்ற மனிதர், கம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இது என்னத்துக்குக் காக்கா? மீனுக்குப் பல்லுக் குத்தவா?” என்று பக்கத்தில் நின்ற மூத்த மீனவரைக் கேட்டார்.

ஆனால் அந்த வருடம் கடலின் குணம் மாறியிருந்தது. கனத்த வலைகளுக்கு நெத்தலியும் சூடையும்தான் வந்தன. பெரிய மீன்களெல்லாம் பாரமில்லாத எதையாவது தேடி வந்து கடித்தன. தடித்த கயிற்றுக்கு வராத சுறா, ஈர்க்கில் கட்டிய நூலுக்கு வந்தது. அந்த மார்கழியில் அத்தனை பாரத்தை விழுங்கிய கடலுக்குப் பாரமே வெறுத்துப்போயிற்றோ என்னவோ. விஷயம் பரவியதும் சிரித்தவர்களே முண்டியடித்துக்கொண்டு கம்புகளை எடுத்தார்கள். மீனும் கடித்தது. கடித்ததும் அவர்கள் செய்த வேலைதான் வேலை. கயிறு இறுகினால் காலை மணலில் ஊன்றி இழு என்பதைத் தவிர வேறெதையும் கரைவலைக்காரனின் உடம்பு படித்ததில்லை. அவர்கள் ஊன்றி இழுத்தார்கள், கம்புகள் முருங்கைக்காய் மாதிரி ஒவ்வொன்றாக முறிந்தன. பெட்டியில் மிஞ்சியது ஒரே ஒரு கம்பு. அதை நதீரா கோழி துரத்த வைத்திருந்தாள்.

நதீரா மருதமுனையில் கைத்தறி நெய்பவள். நூல் எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் அறும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை முனாப், கல்முனை பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் டயர் ஒட்டுகிறவன், கையெல்லாம் கறுப்பு, சிரித்தால் மட்டும் வெள்ளை. அந்தப் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவர வேண்டும். பெண் பிள்ளை பிறந்தால் தகப்பன் அன்றைக்கே அவளுக்கு வீடு கட்டக் கல் சேர்க்கத் தொடங்குவான். சரீபும் அப்படித்தான் சேர்த்துக் கட்டினார். நீலச் சாயம் பூசிக் காய்கிற நேரத்தில் கடல் வந்து வீட்டை அத்திவாரத்தோடு கிளப்பிக்கொண்டு போனது. சாயம் காய்ந்ததா என்று பார்க்கப் போயிருந்த உம்மாவும் அதோடு போனார். அதைப்பற்றி வாப்பாவும் மகளும் கதைப்பதில்லை. கதைத்தால் இருவரும் அழுதுவிடுவார்கள்.

முனாபின் உம்மா ஆயிஷா உம்மா கெட்ட மனுஷி இல்லை. வாப்பாவும் மகளும் ஒதுங்கியிருந்த தறப்பாள் கொட்டிலுக்கு இரண்டு தரம் சோறு அனுப்பியவர்தான். ஆனாலும் ஒருநாள் பின்னேரம் வீடு இருந்த அந்த வெறும் வளவுக்கு வந்து, நதீராவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “வீடில்லாத இடத்துக்கு என்ட மகன எப்பிடி அனுப்புற, மகள்? தறப்பாளுக்குள்ளயா மாப்பிள்ள வந்து இரிக்கிற? இனி இஞ்ச கட்டவும் உடமாட்டாங்களாம். சம்மாந்துறையில இருந்து வேற இடம் ஒண்டு வந்திரிக்கி, மேல்மாடி வீடு.” கடலோரத்தில் இனி ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்தது உண்மை. நதீரா கையிலிருந்த கம்பின் தூண்டிலைச் சும்மா கடலை நோக்கி வீசினாள். இரை கூடக் கொழுவவில்லை. உடனே கம்பு வில்லாக வளைந்தது.

“கடல் எடுத்த வீட்டக் கடல்தான் தரணும் மாமி,” என்றாள் நதீரா. “இந்தா, தரப் பாக்குது.”

“அப்ப வரட்டும். அதுவரைக்கும் நான் சம்மாந்துறைக்கு மறுமொழி சொல்லல்ல,” என்றார் ஆயிஷா உம்மா. சொன்ன சொல்லில் நிற்கிற மனுஷி அவர்.

மீன் ஓடியது, நதீரா விட்டாள். மீன் களைத்தது, அவள் சுற்றினாள். விட்டுப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. கம்பின் சில்லில் சுற்றியிருந்த நூல் முடிந்திருக்க வேண்டும், ஆனால் முடியவில்லை, ஏன் என்று கேட்கவும் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. சில நாட்களில் மீன் தூரத்தில் துள்ளும். முதல் வருடம் ஓர் ஆட்டோ அளவு இருந்தது, அடுத்த வருடம் பஸ் அளவு. தூண்டிலில் மாட்டிய மீன் வளருமா என்று கேட்டவர்களிடம் ஊரார் நதீராவைக் காட்டினார்கள், அவளும்தான் ஒரு கையால் நெய்யப் பழகி வளர்ந்துகொண்டிருந்தாள். முனாப் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வந்து நூலுக்கு அந்தப் பக்கம் நிற்பான். நூலுக்கு இந்தப் பக்கம் வருவது முறையில்லை. அவன் விரலால் நூலை மெல்லச் சுண்டினால் அவள் கையில் கூசும். வேறு கதை அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாம் வருடம் சரீபுக்குப் பொறுமை போய்விட்டது. மகளுக்கு வயது ஏறுகிறதே என்ற கவலை மனிதரை அவசரப்பட வைத்தது. மகள் மறுபக்கம் திரும்பிய நேரம் பார்த்துக் கரைவலைக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவந்து நூலைப் பிடிக்க வைத்தார். நதீரா, “வாப்போ, இழுக்காதீங்க! நூல உடுங்க!” என்று கத்தினாள். அவர்கள் காலை ஊன்றி இழுத்தார்கள். மீன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு அத்தனை பேரும் ஒரு கையால் நூலையும் மறு கையால் இடுப்புச் சாரத்தையும் பிடித்துக்கொண்டு கடலின்மேல் சறுக்கிக்கொண்டு போனதை நிந்தவூர்க் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். மீன் அவர்களை வினாயகபுரத்தில் வரிசையாக இறக்கிவிட்டுப் போனது.

வினாயகபுரத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த செல்லத்தங்கம், “எங்கால வாறயள்?” என்று மட்டும் கேட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். காவலரணில் நின்ற பொலிஸ்காரருக்கு, அடையாள அட்டை இல்லாமல் கடல்மேல் சறுக்கி வந்தவர்களை என்ன செய்வதென்று விளங்கவில்லை. தலையைச் சொறிந்துவிட்டுப் பஸ் ஏற்றி அனுப்பினார்.

அந்த மீன் இனி வடக்கே ஓடும் என்று அவர்கள் தேத்தண்ணி குடித்தபடி கதைத்ததைச் செல்லத்தங்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகன் சுதன் வடக்கில், சண்டைக்குள் அகப்பட்டிருந்தான். மீன் வடக்கே ஓடிய மாதம் அவர் பஸ் ஏறிக் கல்முனைக்கு வந்து நதீராவின் முன்னால் நின்றார். “நூலில கொஞ்சம் கை வைக்கட்டா புள்ள?” நதீரா பாய் விரித்துக் கொடுத்தாள். அந்த மாசியிலும் பங்குனியிலும் நூல் இரவு பகல் அதிர்ந்தது. அது மீனின் துடிப்பு இல்லை என்று இருவருக்கும் தெரியும். செல்லத்தங்கம் நூலைப் பிடித்தபடி கண்ணை மூடி, “ஓம்கா, இரிக்கான். இன்னும் இரிக்கான்,” என்பார். வைகாசியில் ஒருநாள் நூல் அசையாமல் நின்றது. வானொலி சண்டை முடிந்தது என்றது. கொஞ்ச நேரத்தில் நூல் மெல்லச் சுண்டியது, மீன் தெற்கே திரும்பியது. சுதன் முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்து சேர மேலும் ஒரு வருடம் ஆனது, ஆனால் வந்து சேர்ந்தான்.

மீன் சண்டை முடிந்த அடுத்த மாதம், ஆனியில், பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம் கரைக்கு வந்தது. கரையில் கால் வைக்க இடமில்லை. கரைவலைக்காரர்களுக்குக் கை பரபரத்தது. சரீப் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நதீரா விட்டாள், சுற்றினாள், பிறகும் விட்டாள். ஒரு மேல்மாடி வீட்டளவு பாரை, தலை தெருப்பக்கமும் வால் கடல்பக்கமுமாக, பழைய அத்திவாரக் குழியை அளந்து மூடியதுபோல வளவில் ஏறிப் படுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். கம்பு முறியவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, நிந்தவூர் எல்லாம் பங்கு வாங்கிப் போய்க் கறி ஆக்கின. நாவிதன்வெளி வயல்காரர்கள் உழவு மெஷினில் வந்து ஏற்றிப் போனார்கள். சதை தீர்ந்தபோது முள்ளுகள் கூரை வளை மரம் மாதிரி நின்றன. செதில்களைக் கழுவி ஓடாக வேய்ந்தார்கள், கண் இருந்த இடங்கள் ஜன்னலாயின, வாய் வாசலாயிற்று, வால் பக்கம் அடுப்பு வைத்த குசினியாயிற்று.

அரசாங்கக் கந்தோரிலிருந்து உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். கடலிலிருந்து வாசல்வரை அளந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“இவ்வளவு கிட்டக் கட்டக்கூடாதே தங்கச்சி.”

“கட்டல்ல சேர்,” என்றாள் நதீரா. “பிடிச்ச.”

அவர் நாடாவைச் சுருட்டினார். பிடித்த மீன் கரையில் கிடப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

காவின் எழுதிக் கலியாணம் நடந்த அன்று பொல்லடிக்காரர்கள் கோல் தட்டி முன்னால் ஆடிவர முனாப் ஊர்வலமாக வந்து, குனிந்து, பாரையின் வாயால் உள்ளே நுழைந்தான். உள்ளே நதீரா பட்டுச் சேலையில் இருந்தாள். இடது கை மட்டும் எதையோ பிடித்த மாதிரி முன்னால் நீட்டியபடி நின்றது. நாலு வருடப் பழக்கத்தில் அதை மடக்க அவளுக்கு முடியவில்லை. முனாப் தன் கறுப்புக் கையால் அதைப் பிடித்துக்கொண்டான். உம்மா பார்க்கவில்லையே என்று நதீரா விக்கி விக்கி அழுதாள், வாப்பாவும் அழுதார், நாலு வருடத்தில் முதல் தரம் ஒருவர் முன்னால் ஒருவர். ஆயிஷா உம்மா அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, மேலே செதிலைப் பார்த்து, வால் பக்கம் வரை நடந்து திரும்பி வந்து மருமகளின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

“நல்ல வீடு மகள். குசினிதான் கொஞ்சம் ஒடுக்கம்.”