ஒன்றாம் தேதி வாடகை

பெண்கள் விடுதியில் பல வருஷம் வார்டனாக இருந்தால் மனிதர்களை நம்புவது எப்படி என்பதே மறந்துபோகும். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த மின்சார அடுப்பை வராந்தாவில் நடக்கும்போதே மோப்பம் பிடித்துவிடுவாள் அவள். வீட்டிலும் அவளுக்கு வார்டன் என்றே பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கணவர், தாமதமாக வரும் நாட்களில் அவள் கேட்குமுன்பே சட்டைப்பையை உதறிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். அவளுடைய தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அப்பா விட்டுப்போன வீட்டை விற்றபோது, "பணத்தை பேங்க்ல தூங்க வச்சு என்னக்கா பண்ணப்போற" என்று அவன்தான் ஆரம்பித்தான். கடல் தாண்டி ஒரு கடற்கரை ஊர். சுற்றுலா வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் பெரிய கட்டடம். அதில் இருவர் பங்கையும் போட்டு ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். கம்பெனியே ஆள் பிடித்து வாடகைக்கு விடும், நாம் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்றான். பத்திர வேலைகளுக்காக அவள் பங்குக்கும் சேர்த்து பவர் எழுதி வாங்கிக்கொண்டான். சொன்னபடியே ஒன்றாம் தேதியானால் அவள் கணக்கில் பணம் விழுந்தது. அவளும் போகிற இடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டாள்.

அந்தப் பெருமைதான் இப்போது வினையாக வந்து நின்றது. கணவரின் தங்கை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. கைக்கு வந்த பணம் மொத்தத்தையும் அதே கட்டடத்தில் ஒரு ஃப்ளாட்டில் போடப்போகிறாள். திங்கட்கிழமை கையெழுத்து. ஏஜென்ட்டைக் காட்டிவிட்டதும் தம்பிதான்.

"நீங்க சரின்னு சொன்னா போட்டுடறேன் அண்ணி. வேற யாரைக் கேக்கறது நான்" என்று சனிக்கிழமை மாலை வந்து உட்கார்ந்தாள் நர்ஸ். கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஊர்ப் பணத்தோட மதிப்பு ஏறி இறங்கிட்டே இருக்குமாமே. சில மாசம் உங்களுக்குக் குறைச்சலா வருமா?"

"இல்லையே, எப்பவும் ஒரே தொகைதான்" என்று பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் வார்டனுக்குச் சுருக்கென்றது.

ஒரே தொகை. சல்லிக்காசு ஏறவில்லை, இறங்கவில்லை. போன வருஷம் அந்தக் கடற்கரையைப் புயல் புரட்டிப் போட்டதே, ஊரே இருட்டில் கிடந்ததாகச் செய்தியில் காட்டினார்களே, அந்த மாதமும் ஒன்றாம் தேதி டாணென்று வந்தது. விடுதியில் ஒரு பெண்ணாவது ஒன்றாம் தேதி வாடகை கொடுத்து அவள் பார்த்திருக்கிறாளா? இத்தனை நாள் மூளையை எங்கே அடகு வைத்திருந்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"ஃப்ளாட்டை எப்பவோ வித்துட்டு, என் காசையே எனக்குப் பிச்சுப் பிச்சுப் போடறானோ" என்றாள் கணவரிடம்.

"உன் தம்பியை நீயே சந்தேகப்படறியா? அது என் டிபார்ட்மெண்ட் ஆச்சே" என்றார் அவர். அவள் பார்த்த பார்வையில் செய்தித்தாளைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். கூடத்தில் டிவி இருந்த இடத்தில் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றாள் தம்பி மனைவி, ஆணியைப் பார்த்துக்கொண்டே. அவர் டூட்டியில் இருக்கிறார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என்ன டூட்டி? வார்டனின் மனசு எங்கெங்கோ ஓடியது. சூதாட்டமா, இன்னொரு குடும்பமா? கட்டடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

அலுவலகங்கள் மட்டுமே இருந்த அந்தக் கட்டடம் வெறிச்சோடிக் கிடந்தது. லிஃப்ட் நின்றுபோயிருந்ததால் படியேறினாள். மொட்டை மாடிக்குக் கீழே இருந்த மோட்டார் அறையில் தம்பி, முழங்கை வரை கிரீஸோடு, கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. எப்போது இவ்வளவு இளைத்தான்?

இரக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, "ஃப்ளாட்டை எப்படா வித்த?" என்றாள்.

"எந்த ஃப்ளாட்டை?"

"எனக்குக் காது குத்தாத."

அவன் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தான். "வித்திருந்தா நான் எதுக்குக்கா லீவு நாள்ல கிரீஸ்ல குளிக்கணும்?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். ஆள் பிடித்துத் தருவதாகச் சொன்ன கம்பெனி, கொஞ்ச நாளில் கடையைக் கட்டிவிட்டது. அப்புறம் அந்த ஊர் அரசாங்கம், குடியிருப்புகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு விடக்கூடாது என்று சட்டம் போட்டது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் குறையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. விற்கலாம் என்றால் உள்ளூர்க்காரன் எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறான்.

"அப்ப எனக்கு வந்த பணம்?"

அவன் கையைத் துணியில் துடைத்தான். "நான்தானே வாங்கலாம்னு சொன்னேன்."

இந்தப் பிள்ளையைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே என்று வார்டனுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரப்போனது. அதற்குள் வேறொன்று உறைத்தது.

"இவ்வளவும் தெரிஞ்சுதான் நர்ஸை அங்க வாங்கச் சொன்னியா?"

"அவங்க வாங்கப்போறது நம்ம ஃப்ளாட்தான்க்கா. வெளியாள் இன்னொரு வெளியாள்கிட்டதான் விக்க முடியும். எனக்கு எந்த வெளிநாட்டுக்காரனைத் தெரியும்? சொந்தக்காரங்களைத்தான் தெரியும்." குரல் இறங்கியது. "ஏஜென்ட் மூலமாப் போகுது, அவங்களுக்குத் தெரியாது. உன் பங்கு முழுசா வந்துடும். நீ பொய் எதுவும் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது உண்மை. அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தப் பங்கு ஒன்றுதான். வாயைத் திறந்தால் அது போகும். புகுந்த வீட்டில் தம்பியின் மானமும் போகும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. நர்ஸ்தான்.

"காலையில ஏஜென்ட் வர்றார் அண்ணி. போட்டுடட்டுமா?"

"வேணாம்மா. அது நல்ல இடமில்ல."

"நீங்களே அங்கதானே வாங்கியிருக்கீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "புரியுது அண்ணி. இத்தனை நாள் வாய் ஓயாமப் பெருமை பேசினீங்க. நானும் நாலு காசு பாக்கப்போறேன்னதும் இடம் கெட்டதாயிடுச்சா? நான் போட்டுக்கறேன்."

"வச்சிடாத." தம்பி கிரீஸ் கைகளைக் கூப்பினான். வார்டன் அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது எங்க ஃப்ளாட்தான். உன் தலையில கட்டப் பாத்தோம். அங்கேருந்து வாடகையே வரதில்ல."

"மாசாமாசம் வருதுன்னீங்களே. அது யார் பணம்?"

"என் தம்பியோட சம்பளம்."

"எந்தத் தம்பி அண்ணி அக்காவுக்கு இப்படிக் கொடுப்பான்? பொய் சொல்றதா இருந்தா நம்பற மாதிரியாவது சொல்லுங்க."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள். போனைத் தம்பியிடம் நீட்டினாள். நர்ஸின் குரல் அதற்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்றது. அவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், நாளைக்குக் கையெழுத்து ஆகிவிடும். அவன் போனை வாங்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தான். அவள் கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக் காதில் வைத்தான்.

"வாங்காதீங்க" என்றான். "அக்கா சொல்றது நிஜம். அடுத்த மாசத்துலேருந்து அவங்களுக்கு நான் போட்டுட்டிருந்த வாடகையையும் நிறுத்தப்போறேன்."