எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும்

பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு வேலை ஒதுக்க நான் எழுதிய கணினி நிரலைத் திங்கட்கிழமை அழிக்கப்போவதாக மேலாளர் அறிவித்தார். தன் கணினியில் அவர் அதை ஓட்டிக் காட்டியபோது, ஓய்வு பெற்றுப் போன ஒருவருக்குக் காலை வண்டி விழுந்தது. கூட்டமே சிரித்தது.

மொத்தமே பதினோரு வரிதான். எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் அணி அணியாகக் கையாளும் கணினி மொழி. வரி முழுக்கக் குறிகள். கோழிக் கிறுக்கல் என்று அலுவலகத்தில் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்தக் கிறுக்கல் வந்த பிறகுதான் இரவு வண்டி ஓட்டியவரை விடிகாலையில் யாரும் எழுப்புவதில்லை. அதற்கு முன் மேலாளருக்கு வேண்டியவர்களுக்குச் சுகமான தடம், மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. அந்தக் கடுப்பு அவருக்கு.

"என் சீட்ல சரியா ஓடுது சார்."

"அப்போ உன் சீட்டையே கட்டிக்கிட்டு அழு."

நான் அழவில்லை. உட்கார்ந்து தோண்டினேன். தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஓட்டுநர் பட்டியலை நிரல், தான் இருக்கும் கோப்புறையில் தேடவில்லை; நிரலை ஓட்டுகிறவர் தன் கணினியில் எந்தக் கோப்புறையைத் திறந்து வைத்திருக்கிறாரோ அங்கே தேடியது. மேலாளருடையதில் அதே பெயரில் மூன்று வருடப் பழைய பட்டியல் கிடந்தது.

ஆக, நிரலுக்குத் தன் இருப்பிடம் தெரிய வேண்டும். இந்த மொழி, ஏற்றிய கோப்புகளின் பாதைகளை, அதாவது கணினியில் அவை இருக்கும் முகவரிகளை, வரிசையாக வைத்திருக்கும். நிரலில் நான் வைத்த ஒரு பெயரைக் கொடுத்தால், அது எத்தனையாவது கோப்பில் பிறந்தது என்று சொல்லிவிடும். அந்த எண்ணால் பாதையை எடுத்து, கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருந்ததை வெட்டி, மிஞ்சிய கோப்புறையிலேயே பட்டியலைத் தேடச் சொன்னேன். பன்னிரண்டாவது வரி. வீம்புக்குப் பதின்மூன்றாவதும் எழுதினேன்: பட்டியல் எங்கிருந்து வந்தது என்று வேலை ஒதுக்கீட்டுத் தாளின் தலையிலேயே அச்சிடு.

திங்கள் காலை 'மீசை' என்று நாங்கள் கூப்பிடும் மூத்த ஓட்டுநரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், மேலாளர் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஓட்டினேன். எல்லாம் சரியாக வந்தது. ஓய்வு பெற்றவர் நிம்மதியாக வீட்டில் இருந்தார்.

மேலாளர் தாளை இரண்டு தடவை புரட்டினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும். மேல அந்தப் பாதை மட்டும் எதுக்கு? எடுத்துடு."

அது இருந்தால் இனி யாரும் தன் பட்டியலை நைசாக நுழைக்க முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எடுக்க மாட்டேன் சார். வேணும்னா மொத்தத்தையும் அழிங்க. எல்லாரையும் கூப்பிடுறேன், அவங்க முன்னாடி அழிங்க."

மீசை மேலாளர் கையிலிருந்து தாளை வாங்கி, அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு, வண்டி எடுக்கப் போனார்.