யார் முதலில் ஓடியது

1

இது முதலில் கதை இல்லை, ஒரு வசைக் கட்டுரை. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்று கேட்டுத் தொடங்கினேன். "பாதிச் சொல்லை மென்று விழுங்கிவிட்டு மீதியை நம் மேல் துப்புகிற இவர்கள்" என்பது வரை வந்தது. அதற்கு மேல் கோபம் வரவில்லை. அப்படி வாசிக்கிற ஒரு பெண், வேலை முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டு யாரிடம் போகிறாள் என்ற யோசனைதான் வந்தது. கட்டுரையை அங்கேயே விட்டேன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அலுவலகத்தில் அவளை எல்லாரும் எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் எந்த நிறுத்தத்திலும்

வேண்டாம். கிண்டல் சுலபம். (பட்டப்பெயர் மட்டும் இருக்கட்டும். அவளே அதற்குத் திரும்பிப் பார்க்கிறாள்.)

ஒப்பனை அறையில் எக்ஸ்பிரஸ் கண்ணாடி முன் அமர்ந்து தன் முகத்தை

இதுவும் வேண்டாம். கண்ணாடி முன் உட்கார்ந்த பெண்ணை வைத்து எழுதிய கதைகள் போதும்.

மூன்றாவது இது: எக்ஸ்பிரஸின் அப்பா போட்டிச் சேனலுக்கு மாறிவிட்டார்.

இது நின்றது.

3

அன்று அவளுக்கு விடுமுறை. அப்பா நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு மிக அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் போட்டிச் சேனலின் பெண். எக்ஸ்பிரஸ் அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னப்பா, பொண்ணு ஒரு கடையில வேலை பாக்குறா, நீங்க எதிர்க் கடையில சாமான் வாங்குறீங்க?"

"அந்தப் பொண்ணு வாயத் தெறந்து பேசுது. நீ யாரோ தொரத்துற மாதிரியில்ல பேசுற."

"நான் லீவுன்னா மட்டுந்தானே இது?"

"தெனமுந்தான்" என்றாள் அம்மா. "நீ கேட்டேன்னு இப்ப சொல்றேன்."

அம்மாவுக்கு போன் வந்தது. ரிமோட்டை எடுத்து ஒலியை அடியோடு குறைத்துவிட்டுப் பேசினாள். அப்பா அசையவில்லை. சற்று நேரம் கழித்துத் திரும்பினார்.

"பாலத்த மூடிட்டாங்களாம். நாளைக்கு நீ சுத்தித்தான் போகணும்."

ஒலி இல்லை. படத்தில் பாலமும் இல்லை, அந்தப் பெண்ணின் முகம் மட்டுமே. எக்ஸ்பிரஸ் தன் போனில் பார்த்தாள். மூடியிருந்தார்கள்.

அவள் திரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தொலைக்காட்சியின் ஸ்பீக்கர் போய்விட்டது என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டுவிட்டுப் பேசு, இருட்டில் நின்று என்ன பேச்சு என்றும் சொல்வார். கோபம் என்று நினைத்திருந்தாள். அவர் உதட்டைத் தேடியிருக்கிறார்.

[உதட்டைப் பார்த்தால் எல்லாம் புரியுமா என்று கேட்பீர்கள். பாதி புரியும், மீதியைத் தலை இட்டு நிரப்பிக்கொள்ளும். திரையின் அடியில் எழுத்து ஓடுகிறதே என்பீர்கள். அதுவும் ஓட்டம்தான்.]

செய்தி வாசிக்கும்போது அவளுடைய உதட்டில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் தினமும் மாலையில் திரை வழியே அந்த அறைக்குள் வந்து, முகத்துக்கு நேராக நின்று, அவருக்குப் புரியாத எதையோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவர் சேனலை மாற்றினார்.

இனி இந்தக் கதையில் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் திரும்பி வர வேண்டும்.

4

கேமரா முன்னால் ஒரு கண்ணாடி உண்டு. செய்தியின் வரிகள் அதில் கீழிருந்து மேலே ஏறும். பிராம்ப்டர் என்பார்கள். வரிகள் தாமாக ஏறுவதில்லை. மூலையில் ஒருவர் சிறிய குமிழ் ஒன்றைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் படியில் அவரை வில்லனாக்கினேன். "அவர் இளித்தபடியே குமிழை வேகமாக" என்று ஒரு வரி இருந்தது. பிறகு அவரைப் பேச விட்டேன். அந்த வரி செத்தது.

மறுநாள் செய்திக்கு முன் அவள் மூலைக்குப் போனாள்.

"அண்ணே, ஏன் இப்படி ஓட்டுறீங்க? மூச்சு விட முடியல எனக்கு."

அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.

"நான் ஓட்டுறேனா? நீங்க ஓடுறீங்க, நான் பின்னாடியே வர்றேன். வரி பின்தங்கிப்போனா நீங்க முழிப்பீங்க, அப்புறம் என்னத்தான் திட்டுவாங்க."

"வரி மேல போயிடும்னு பயந்துதாண்ணே நான் ஓடுறேன்."

"நீங்க நின்னா நான் நிப்பேம்மா. அதுக்குத்தானே என்னய உக்கார வச்சிருக்கு."

"இத ஏன் நீங்க சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லியே. மணிக்கட்டுக்குத் தைலம் வாங்கியே என் சம்பளம் போச்சு."

ஒருவரையொருவர் துரத்தி, ஒருவரிடமிருந்து ஒருவர் ஓடி, இரண்டு பேரும் ஒரே அறையில் களைத்திருக்கிறார்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் பேசியபோது தெரிந்தது. கட்டுரையாகவே எழுதியிருந்தால் தெரிந்திருக்காது.

"இன்னைக்கு நான் சொல்லி முடிச்சப்புறந்தான் அடுத்த வரி. சரியாண்ணே?"

"நீங்க முடிக்கலன்னா?"

"நிக்கட்டும்."

தயாரிப்பாளரிடம் அவளே போய்ச் சொன்னாள்.

"மெதுவாப் படிச்சா விளையாட்டுச் செய்தி அடிபடும்" என்றார்.

"அடிபடட்டும் சார்."

"மேல இருந்து என்னைக் கேப்பாங்க."

"எக்ஸ்பிரஸ் இன்னைக்கு லேட்டுன்னு சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

5

ஒரு முடிவு: அப்பா பார்க்கிறார், கண் கலங்குகிறது. எழுதினேன், அடித்தேன். அந்த மனிதர் இன்னும் காது கேட்காததையே ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணீரை எப்படி ஒப்புக்கொள்வார்?

இன்னொன்று: விளையாட்டுச் செய்தி போனதற்காக அவளைக் காலைச் செய்திக்கு மாற்றுகிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் அது அலுவலகத்தின் முடிவு. அவளுக்கு வேண்டியது அங்கே இல்லை.

நடந்த அளவுக்குச் சொல்கிறேன். செய்தி தொடங்கும் முன் அம்மா சேனலை மாற்றி, ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க ரிமோட்டு?"

"தேடுங்க."

அவர் எழுந்து இரண்டு தலையணைகளைப் புரட்டினார். அவள் உட்கார்ந்திருந்ததைப் புரட்ட முடியவில்லை. முனகிக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பியபோது திரையில் மகள் வந்திருந்தாள்.

அங்கே ஸ்டுடியோவில் காதுக்குள் தயாரிப்பாளரின் குரல், போ போ என்கிறது. குமிழின் மேல் கை அசையாமல் இருக்கிறது. கண்ணாடியில் ஒரே வரி நிற்கிறது. அவள் வாயைத் திறந்து வணக்கம் சொன்னாள். சொல்லி முடித்து உதடு மூடும்வரை சொன்னாள். அடுத்த வரி வந்து நின்றது.

அப்பா நாற்காலியை இன்னும் சற்று முன்னால் இழுத்தார்.

6

அவருக்குப் புரிந்ததா என்று நான் எழுதப்போவதில்லை. குமிழ் இப்போது என் கையில் இருக்கிறது. நீங்கள் நகர்ந்தால்தான் நான் நகர்த்த முடியும். இதுவரை ஓடியே படித்து வந்திருந்தால், கதை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இல்லையென்றால் அந்த அறைக்குப் போய் ஒலியைக் குறைத்துவிட்டு, அவள் உதட்டைப் பாருங்கள்.

அவசரமில்லை. வரி நிற்கும்.