மிவாகோ ரயிலில் இருக்கிறாள்

புனேயின் ஹிஞ்சேவாடி அலுவலகத்தில் கணினியைத் திறந்ததும் கிருஷ்ணப்ரியா முதலில் பார்ப்பது மெயிலை அல்ல, கசகுமோ ரசிகர் மன்றத்தைத்தான். கசகுமோ என்பது ஜப்பானில் ஐந்து பெண்கள் சேர்ந்து பாடும் குழு. அவர்களுக்காக மணிலாவிலும் லண்டனிலும் புனேயிலும் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க இணையத்தில் சண்டை போடும் கூட்டம் அந்த மன்றம். 2007 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை அதைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் எழுதிய இரண்டே வரிகளுக்குக் கீழே நானூறு பதில்கள் வந்திருந்தன.

நடந்தது இதுதான். குழுவின் புதுப் பாட்டு சனிக்கிழமைதான் வெளியாக இருந்தது. அரை நிமிட முன்னோட்டம் மட்டும் வந்திருந்தது. ரயில்வே பிளாட்பாரத்தில் நான்கு பெண்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள். ஐந்தாமவள் மிவாகோவைக் காணோம். அவ்வளவுதான், மன்றம் இழவு வீடாகிவிட்டது. மிவாகோ குழுவை விட்டுப் போகிறாள் என்று ஒரு கட்சி. அவளுக்கு ஏதோ பெரிய வியாதி என்று ஒரு கட்சி. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தரையில் ஐந்தாவதாக ஒரு நிழல் இருக்கிறது என்று சாதித்த மேதாவிகளும் உண்டு.

பக்கத்து சீட்டு சியாமளா கோயம்புத்தூர்க்காரி. மிவாகோ என்றால் உயிர். இரண்டு நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. புதன்கிழமை சாயங்காலம் கம்பெனி வண்டியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"அவ போயிட்டாள்னா இனி நான் இந்தப் பாட்டையே கேக்க மாட்டேன், பாத்துக்க."

"அரே, சும்மா இருடி. பிளாட்பாரத்துல இல்லேன்னா வேற எங்கியாச்சும் இருப்பா."

அப்படிச் சொன்னபோதே கிருஷ்ணப்ரியாவுக்கு உண்மை தெரியும். அவர்களுடைய டீம், கசகுமோ பாட்டுகளை வெளியிடும் ஜப்பானிய இசைக் கம்பெனியின் செல்போன் தளத்தைச் சோதித்துக் கொடுக்கும் டீம். சோதனைக்கென்று பழைய பாட்டுகளைத்தான் அனுப்புவார்கள். அன்று மத்தியானம், அங்கே யாரோ அசட்டையாக ஏற்றியதில் புதுப் பாட்டின் முழு வீடியோவும் வந்து விழுந்திருந்தது. பார்த்தது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாலரை நிமிடமும் பார்த்தாள். மிவாகோ எங்கும் போகவில்லை. ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். அவளை வரவேற்கத்தான் மற்ற நால்வரும் நிற்கிறார்கள்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விஷ்ராந்த்வாடி வீட்டுக்குப் போய் மன்றத்தைத் திறந்தால், அங்கேயும் சியாமளாவின் அழுகைதான் முதல் வரியாக நின்றது. மனசு கேட்கவில்லை. சியாமளாவுக்கு மட்டும் தெரிந்த தன் மன்றத்துப் புனைபெயரில் எழுதிவிட்டாள்: 'யாரும் அழ வேண்டாம். மிவாகோ ரயிலில் இருக்கிறாள். மூன்றாவது பெட்டி, பச்சைக் கோட்டு.'

இப்போது நானூறு பேரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். கோட்டின் நிறம் உனக்கு எப்படித் தெரியும்? ஜப்பானிய இணையப் பத்திரிகை ஒன்று அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது. கிருஷ்ணப்ரியா அவசர அவசரமாகத் தன் வரிகளை அழித்தாள். அழித்து என்ன பிரயோஜனம்? மேற்கோள் காட்டியிருந்த நாற்பது பேரின் பதில்களில் அது பத்திரமாக இருந்தது. வேலை போகும். ஜனவரியில் டோக்கியோ அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் போகும். வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்தும் உள்ளே என்ன செய்கிறோம் என்று வீட்டில் ஒரு வார்த்தை பேசாத அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

பதினோரு மணிக்கு மேனேஜர் ரவிசந்திரன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். கிருஷ்ணப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சியாமளா, ஒரு நிமிஷம் உள்ள வா."

கிருஷ்ணப்ரியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு பொறி தட்டியது. புதன்கிழமை தன்னுடைய லாகின் பூட்டிக்கொண்டிருந்தது. ஜப்பானுக்கு எழுதித் திறக்க வைக்க இரண்டு நாள் ஆகும். இந்த டீமில் யாரும் அப்படிக் காத்துக்கொண்டிருப்பதில்லை. பக்கத்து சீட்டு லாகினில் நுழைந்து வேலையை முடித்துவிடுவார்கள். அந்த வழியைக் காட்டிக் கொடுத்தவரே ரவிசந்திரன்தான். அவள் சியாமளாவின் லாகினில்தான் அந்த வீடியோவைத் திறந்தாள். யார் எதைத் திறந்தார்கள் என்று காட்டும் பதிவேட்டில் இருப்பது சியாமளாவின் பெயர்.

அப்போது முதலில் வந்தது நிம்மதிதான். அப்புறம்தான் வெட்கம் வந்தது. அதையும் மிதித்துக்கொண்டு பயம் மறுபடி ஏறியது. சியாமளாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எப்படியும் வேலையை விடப்போகிறவள்தானே என்று ஒரு நினைப்பு உள்ளே ஊர்ந்தது. சீ என்று இருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கால் வரவில்லை.

அரை மணி கழித்து சியாமளா வந்து உட்கார்ந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அந்த ஃபைலையே நான் பாக்கலீங்க சார்னு நூறு தடவ சொல்லிட்டேன். உம் பேருதான் இருக்குங்கறாரு. மன்றத்துல வேற இருக்கறனா, யாரு நம்புவாங்க? சாயங்காலத்துக்குள்ள கார்டக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு."

சியாமளா குரலைத் தாழ்த்தினாள்.

"பச்சைக் கோட்டுன்னு எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும். உம் பேர நான் சொல்லல. நீயே எந்திரிச்சு வருவீன்னு கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன்."

கிருஷ்ணப்ரியா எழுந்தாள். கண்ணாடி அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ரவிசந்திரன் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். ஏசிக் குளிரிலும் அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"இதப் பாரு. ஒரு பொண்ணு தப்பு பண்ணிட்டான்னா ஒருத்தி வேலையோட போச்சு. பாஸ்வேர்டை எல்லாரும் மாத்தி மாத்தி யூஸ் பண்றோம்னு தெரிஞ்சா ப்ராஜெக்டே போயிடும். இருபத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போகணும், என்னையும் சேர்த்து. நீ எங்கிட்ட எதுவும் சொல்லலை. போய் உக்காரு."

"சார், சியாமளா..."

"அவளுக்கு நான் வேற எடத்துல பாத்துக்கறேன். போ."

வெளியே வந்தாள். காலையிலிருந்து அவள் பயந்த எதுவும் இனி நடக்காது. வேலை இருக்கும், டோக்கியோ இருக்கும், அப்பாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பக்கத்தில் சியாமளா இழுப்பறையைத் திறந்து, மிவாகோ படம் போட்ட கீசெயினையும் இரண்டு ஹேர்கிளிப்பையும் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணப்ரியா ஜப்பான் அலுவலகத்துக்கு ஒரு மெயிலைத் திறந்தாள். வகுப்பில் படித்த மரியாதை வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. தெரிந்த ஜப்பானிய மொழியில் எழுதினாள்: வீடியோவைப் பார்த்தது நான். வெளியே சொன்னதும் நான். இன்னொருத்தியின் லாகினில் பார்த்தேன், அவளுக்கு இது தெரியாது. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். கீழே தன் முழுப் பெயரை அடித்தாள். நகல் ரவிசந்திரனுக்கு என்று போட்டு, கையெடுக்காமல் அனுப்பிவிட்டாள்.

பிறகு திரையை சியாமளாவின் பக்கம் திருப்பினாள். சியாமளா குனிந்து படிக்க ஆரம்பித்தபோது கண்ணாடி அறையில் தொலைபேசி அடித்தது. ரவிசந்திரன் அதை எடுக்கவில்லை. தன் திரையைப் பார்த்தார், அப்புறம் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் ஒன்றும் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிருஷ்ணப்ரியா பார்வையைத் தாழ்த்தவில்லை.