ஆறு சுற்று

குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடும் துருசுக் கதவு ஏழு மணிக்குத் தானாகத் திறக்க வேண்டும். நான் குளக்கட்டில் ஏறியபோது ஆறு முப்பத்தைந்து.

கோடைப் பயிரான சிறுபோகத்தின் முதல் தண்ணீர் அன்றைக்கு. சிலாவத்துறையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தக் கிராமத்தில், மீளக்குடியேறிய சனம் துருசடியில் பானை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்கு நாங்கள் மோட்டர் பூட்டியிருந்தோம். மோட்டரை ஓட்டும் நிரலை எழுதியவன் கொழும்பிலிருந்த சுஜன். எப்போது, எவ்வளவு திறப்பது என்று அதற்குச் சொல்லும் பகுதி என்னுடையது. படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை.

பார்த்தீபன் அண்ணை கதவின் சக்கரத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். இதுவரை அதைக் கையால் சுற்றித் திறந்தவர் அவர்தான்.

"வாங்கோ இஞ்சினியர். என்ர வேலையைப் பறிச்சுப்போட்டு வெறுங்கையோட வாறியளோ?"

சிரித்தேன்.

"பரவாயில்லை, கைநோவு மிச்சம். முதல் தண்ணிக்கு எப்பவும் ஆறு சுத்துத்தான். கூட விட்டால் அழகம்மா அக்கா என்னை வெட்டிப்போடுவா."

ஆறு சுற்று.

போன மாதம் தொலைபேசியில் அவரிடம் எவ்வளவு திறப்பீர்கள் என்று கேட்டிருந்தேன். "ஆறு" என்றார். OPEN = 6 என்று எழுதி வைத்தேன். அந்த ஆறைச் சுஜனின் நிரல் என்னவாக எடுத்துக்கொள்ளும் என்று கேட்கவில்லை. சோதனையன்று கதவு ஏறியதையும் இறங்கியதையும் பார்த்தோம். ஒருவரும் அளக்கவில்லை.

கட்டின் உச்சியில்தான் சிக்னல் இருந்தது. அங்கே ஏறி அழைத்தேன். நித்திரையிலிருந்து எழும்பிய சுஜனிடம், அவனுடைய நிரலுக்கு ஆறு என்றால் என்ன அளவு என்று கேட்டேன்.

"அங்குலம்தானே. வேறென்ன?"

திரும்பி ஓடி வந்தேன். "அண்ணை, ஒரு சுத்துக்குக் கதவு எவ்வளவு உயரும்?"

"கால் அங்குலம். ஏன், முகம் வெளிறிப்போச்சு?"

ஒன்றரை அங்குலம் திறக்க வேண்டிய கதவு ஆறு அங்குலம் திறக்கப் போகிறது. நாலு மடங்கு தண்ணீர். துருசுக்கு நேர் கீழே அழகம்மாவின் வயல். மலைநாட்டிலிருந்து வந்து, சண்டைக்குள் இரண்டு தரம் இடம்பெயர்ந்து, இப்போதுதான் காணி கிடைத்த குடும்பம். முந்தாநாள்தான் அழகம்மா முளைநெல் வீசியிருந்தார். இன்னும் வேர் பிடிக்கவில்லை. வீட்டில் வேறு விதைநெல் இல்லை.

மோட்டர் பெட்டியின் பூட்டுக்குத் திறப்பு ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் நடராசாவிடம் இருந்தது. அவர் சனத்துக்கு நடுவில் தேங்காயும் கையுமாக நின்றார். ஆறு ஐம்பத்திரண்டு.

"நிப்பாட்டுங்கோ!"

அது என் குரல்தான். எல்லோரும் திரும்பினார்கள்.

"நல்ல நேரம் தப்பப்போகுது, பிள்ளை" என்றார் நடராசா.

"ஐயா, நான் பிழையா எழுதிப்போட்டன். இப்ப திறந்தால் அழகம்மா அக்கான்ர விதையெல்லாம் அள்ளுப்பட்டுப் போயிடும்."

அவர் மடியிலிருந்து திறப்பை எடுத்துத் தந்தார். பெட்டியைத் திறந்து மோட்டரின் ஆளியை அணைத்துவிட்டு, குளக்கட்டின் உச்சியில் குந்தியிருந்து மடிக்கணினியைத் திறந்தேன். OPEN என்ற பெயரை அழித்தேன். GATE_OPEN_TURNS = 6 என்று எழுதினேன். அதன் கீழே TURNS_PER_INCH = 4. ஆறை நாலால் வகுத்த ஒன்றரைதான் இனிச் சுஜனின் நிரலுக்குப் போகும்.

"நேரே ஒன்றரை அங்குலம் எண்டு போட்டால் என்ன?" என்று சுஜன் தொலைபேசியில் கேட்டான்.

"இஞ்ச ஒருத்தரும் அங்குலத்தில திறக்கிறேல்லை. நாளைக்கு ஆராவது பிழை பிடிக்க வேணுமெண்டால் சுத்தைத்தான் எண்ணுவினம்."

ஏழு இருபதுக்கு மோட்டர் உறுமியது. பார்த்தீபன் அண்ணை சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார். "ஒண்டு... ரெண்டு..." சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "ஆறு!"

சக்கரம் நின்றது. அவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"மோட்டரும் நல்லாத்தான் எண்ணுது" என்றார்.

தண்ணீர் வாய்க்காலில் நுரையில்லாமல் போய் முதல் வயலுக்குள் பரவியது. அழகம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, குனிந்து சேற்றைக் கையால் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"இருக்குதும்மா!" என்று கத்தினார். "போட்ட எடத்துலயே கெடக்குது!"

யாரோ வாழையிலையில் பொங்கல் தந்தார்கள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.