மருதாணிக்காக அவிழ்த்த கட்டு

பள்ளிக்கூடத்தில் கபடி விளையாடி விழுந்ததில் ஷாஹினாவின் சுண்டுவிரல் அடி எலும்பு முறிந்தது. ஒன்பது வயதுதானே, ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். எலும்பை நேர்ப்படுத்தி, சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து நாடாவால் கட்டினார். ஏழாம் நாள் எக்ஸ்ரேக்கு வர வேண்டும், மூன்று வாரம் கட்டைத் தொடக் கூடாது, பிறகு பயிற்சி. அவள் அம்மா ஜெய்தூன் பீவி எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்தாள்.

ஏழாம் நாள் பேகம்பூரில் நாத்தனார் மகளுக்கு மருதாணி வைக்கும் சடங்கு. எக்ஸ்ரேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனார்கள். பெண்பிள்ளைகள் எல்லாம் இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருக்க, ஷாஹினா மட்டும் ஒரு கையை மடிக்குள் வைத்திருந்தாள்.

"ஒத்தக் கைய மட்டும் வெறுங்கையா விட்டா நாலு பேரு என்ன பேசுவாக மச்சி? செத்த நேரந்தானே" என்றாள் நாத்தனார் ஜெய்தூனிடம்.

ஜெய்தூன் தன் கையாலேயே நாடாவை வெட்டினாள். வலிக்குது என்றது பிள்ளை. தலையணைமேல் விரித்து வைத்த கையில் ஐந்து விரலும் நேராகத்தான் இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஜெய்தூனுக்குத் தைரியம் வந்தது. மருதாணி காய்ந்ததும் கழுவி, மருந்துக்கடை நாடாவால் அவளே கட்டிவிட்டாள். அதன் பிறகு எக்ஸ்ரேக்குப் போனால் கட்டை வெட்டியது தெரிந்துவிடும் என்று போகவே இல்லை.

சொன்ன மூன்று வாரம் முடிந்ததும் டாக்டர் கட்டைப் பிரித்தார். நீட்டிய விரல் நேராகவே இருந்தது. கையை மூடச் சொன்னார். சுண்டுவிரல் திரும்பி மோதிர விரலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

எலும்பு முறுகிய வாக்கிலேயே கூடிவிட்டது, பயிற்சியில் விறைப்புதான் போகும், முறுக்குப் போகாது என்றார். சரிசெய்ய வேண்டுமென்றால் எலும்பை வெட்டித் திருப்பித்தான் வைக்க வேண்டும்.

"இடையில யாராச்சும் அவுத்தீங்களாம்மா?"

"இல்ல சார்."

அவர் இரண்டு விரல்களுக்கு நடுவே பார்த்தார். கட்டுக்குள் இருந்த தோலில் மருதாணிப் பூ மங்கலாகத் தெரிந்தது.

"நாந்தான் சார் அவுத்தேன்" என்றாள் ஷாஹினா.

ஜெய்தூன் மறுத்துப் பேசவில்லை. பிள்ளையைக் கொஞ்சம் திட்டிவிட்டு டாக்டர் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார். வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை, கையை மூடித் திறக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

வீட்டில் ஷாஹினா கையை மூடினாள்.

"ஒண்ணு" என்றாள் ஜெய்தூன்.