பட்டி போட்ட கதவு

வண்டிகளுக்கு ஒடுக்கெடுக்கும் டிங்கருக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் இன்று அவரை அக்காவிடம் மாட்டிவிட்டது.

அக்கா புருஷன் ஏறிப்போன விமானம் ஆற்றோரம் விழுந்த அன்று, மச்சானைத் தேடி ஓடியவர் டிங்கர்தான். மச்சான் கிடைக்கவில்லை, நாணல் புதருக்குள் ஓட்டை விழுந்த விமானத் தகடு ஒன்றுதான் கிடைத்தது. மற்றதையெல்லாம் பட்டாளத்துக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிப்போய், "எஞ்சின் கோளாறு. அன்னைக்கு நாங்க ஒரு காக்காயைக்கூடச் சுடல" என்று கதையை முடித்தார்கள். காக்காயைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை.

தகட்டைக் குளியலறைக்குக் கதவாக்கினார் டிங்கர். ஓட்டைக் கதவை வைத்துக்கொண்டு குளிப்பதெப்படி? பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பச்சை பெயிண்ட் அடித்தார்.

அக்காவின் தலை வெளுத்த பிறகு இப்போது மறு விசாரணை. "ஓட்டை விழுந்த தகடு என் தம்பி வீட்டில் இருக்கிறது" என்று மனுப் போட்டவள், பார்வையிட வரும் பட்டாளத்து அதிகாரிக்கு முன்பாகவே மகள் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள். கதவை மேலும் கீழும் தடவினாள்.

"ஓட்டை எங்கடா?"

"அடைச்சுட்டேன்க்கா. குளிக்கிறது வெளியில தெரிஞ்சுது..."

"நீ குளிக்கிறதை எவன்டா பார்ப்பான்? உன் பொண்டாட்டியே பார்க்கமாட்டா!"

அடுப்படியில் டிங்கரின் மனைவி களுக்கென்று சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "அவரை யார் கொன்னதுன்னு தெரிஞ்சுக்காம நான் போய்ச் சேரக்கூடாதுன்னு இருந்தேன். அதுக்கும் சேர்த்துப் பட்டி போட்டுட்டியே, பாவி."

ஜீப் வந்தது. உம்மென்று இறங்கிய அதிகாரி, கதவைப் பார்த்ததும் மாப்பிள்ளை மாதிரி மலர்ந்துவிட்டார். "ஓட்டையே இல்லையேம்மா! அப்படியே எழுதிடுறேன்." டீ வந்தது. உறிஞ்சிக்கொண்டே கதவின் மேலே, நடுவே, கீழே என்று ஒவ்வொரு இடமாகத் தட்டினார். "மூணும் இருந்த இடமே தெரியல. என்ன வேலைப்பா!"

டிங்கரின் நெஞ்சு நிமிர்ந்தது. "கீழ உள்ளதுதான் சார் ரொம்பப் படுத்துச்சு..."

"நீ சும்மா இருடா," என்றாள் அக்கா. "சார், ஓட்டைன்னு மட்டும்தான் எழுதினேன். மூணுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

டீ புரையேறியது. "ஒரு... ஒரு பேச்சுக்குச் சொன்னேம்மா."

"கையை வச்ச இடமும் பேச்சுக்குத்தானா?" அடுப்படியிலிருந்து கேள்வி வந்தது.

அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இதோ வந்துட்டேன் சார்" என்று ஜீப்பில் பாய்ந்தார் அதிகாரி. பாதி டீ டம்ளரிலேயே நின்றது.

"கதவைக் கழட்டு. பட்டியைச் சுரண்டு," என்றாள் அக்கா. "நாளைக்கு இதைத் தூக்கிட்டுப் போய் விசாரணையில நிறுத்துறேன். அந்த ஆள் தட்டின கதையையும் சொல்றேன்."

"இவ்வளவு நல்ல வேலையை..." என்று இழுத்த டிங்கர், அக்காவின் முகத்தைப் பார்த்துச் சுரண்டியை எடுத்தார். நடு ஓட்டை திறந்ததும் அக்கா அதில் விரலை விட்டாள். வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

"அண்ணி, நாங்க எப்படிக் குளிக்கிறது?" என்றாள் டிங்கரின் மனைவி மெதுவாக.

"விசாரணை முடியட்டும், குளிக்கலாம்."

"அது எப்ப முடியும்?"

அக்கா விரலை எடுக்காமலே சொன்னாள்: "மூக்கைப் பொத்திக்கப் பழகிக்கோ."